எல்லை தாண்டும் லாரிக்கு ஒரே கட்டணம் வைத்தால் சரக்குச் செலவு குறையுமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் எந்த நாட்டு லாரி எந்த நாட்டுக்குள் போனாலும் 100 கிலோமீட்டருக்கு 10 டாலர் என்று ஒரே சாலைக் கட்டணமாமே, இந்தியா, பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் நடுவே மட்டும் ஏன் அப்படி வைக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நூற்பாலை ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்ப்பதாகவும், இந்தியா–பங்களாதேஷ் எல்லையிலுள்ள பெட்ராபோல் வழியாக நூல் அனுப்பிய காலத்தில் பில்லில் வந்த விதவிதமான கட்டணங்கள் கடைசிவரை புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. கட்டணத்தை ஒன்றாக்குவது ஏன் கஷ்டம் என்பது ஒன்று. ஒன்றாக்கிவிட்டால் உங்கள் பில் இறங்குமா என்பது இன்னொன்று. கேட்டது முதலாவதைத்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில் என்று நினைக்கிறேன்.

நான் பார்வர்டிங் தொழிலில், அதாவது பிறர் சரக்கை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யும் தொழிலில் இருப்பவன். கொல்கத்தாவில் இருந்தேன், அப்புறம் சில வருடங்கள் கென்யாவின் மொம்பாசாவில். பில் போடும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். அரசுகள் உட்கார்ந்து பேரம் பேசும் அறைக்குள் நான் இருந்ததில்லை, அதனால் யார் மனதில் என்ன இருந்தது என்பது பற்றி நான் சொல்வதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 10 டாலர். அது பாதி உண்மை. கொமேசா என்று கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச்சந்தை அமைப்பு ஒன்று உண்டு. அது வகுத்த விகிதப்படி, மூன்று அச்சுக்கு மேல் உள்ள லாரிக்கு 100 கிலோமீட்டருக்கு 10 டாலர், மூன்று அச்சு வரை உள்ளதற்கு 6 டாலர். கென்யா, உகாண்டா பக்கம் இது ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து மலாபா எல்லை வரை சுமார் 930 கிலோமீட்டர். உகாண்டா பதிவெண் உள்ள ட்ரெய்லர் இந்தத் தூரத்துக்குக் கென்யாவிடம் ஏறக்குறைய 93 டாலர் கட்டும். கென்ய லாரி மலாபாவிலிருந்து கம்பாலா போக 20 டாலருக்குக் கொஞ்சம் கூடக் கட்டினால் போதும். விகிதம் ஒன்றுதான், ஆனால் கிடைக்கும் காசு ஒன்றில்லை. கடற்கரை உள்ள பெரிய நாட்டுக்கு நிறைய கிலோமீட்டர், நிறைய வசூல். உள்ளே பூட்டிக்கிடக்கும் சின்ன நாட்டுக்குக் கொஞ்சம்தான். ஒரே விகிதம் என்றால் நியாயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சின்ன நாட்டின் நிதி அமைச்சகம் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த முரண் வெளிப்படையாக வெடித்த இடம் தான்சானியா–ருவாண்டா எல்லை. தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து ருசுமோ பாலம் வரை சுமார் 1,300 கிலோமீட்டர், எல்லாம் தான்சானியாவுக்குள். ருசுமோவிலிருந்து கிகாலி 160 கிலோமீட்டர் அளவுக்குத்தான். தான்சானியா 2000-த்திலேயே கொமேசாவிலிருந்து விலகிவிட்டது, அதனால் 10 டாலர் விகிதம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. வெளிநாட்டுக் கனரக லாரிக்கு 100 கிலோமீட்டருக்கு 16 டாலர் வாங்கியது. ருவாண்டா தூரக் கணக்கே பார்க்காமல், உள்ளே வரும் தான்சானிய லாரி ஒவ்வொன்றுக்கும் மொத்தமாக 152 டாலர் வைத்திருந்தது. இதில் யார் அநியாயம் செய்தது? கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் ருவாண்டாவின் கட்டணம் பல மடங்கு. ஒரு நடைக்கு எவ்வளவு என்று பார்த்தால் தான்சானியாவின் வசூல்தான் பெரிது. ருவாண்டா லாரிகளிடம் தான்சானியா 500 டாலர் வாங்க ஆரம்பித்ததும், 2013 செப்டம்பரில் ருவாண்டாவும் தான்சானிய லாரிக்கான 152-ஐ 500 ஆக்கியது. கடைசியில் பேசித்தான் இறக்கினார்கள். அந்த வருடம் இரு நாட்டுத் தலைவர்களுக்கும் நடுவே அரசியல் கசப்பு உச்சத்தில் இருந்தது. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் தான்சானியாவை விட்டுவிட்டுத் தனியாகக் கூடிப் பேச ஆரம்பித்திருந்தன. சாலைக் கட்டணம் ஏறியதற்கு அந்தக் கசப்பு எவ்வளவு தூரம் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சாலை பராமரிப்புச் செலவு ஒரே மாதத்தில் மூன்று மடங்காகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கெல்லாம் நடுவிலும் அந்தப் பக்கம் சரக்கு ஓட்டம் வேகமெடுத்தது. அதற்குக் காரணம் சாலைக் கட்டணம் இல்லை, வேறு மூன்று நான்கு விஷயங்கள். மஞ்சள் அட்டை என்று ஒரு காப்பீடு, 1980களிலிருந்தே உண்டு. சொந்த ஊரில் ஒரு தடவை எடுத்தால் போதும், அடுத்த நாட்டில் விபத்து நடந்தாலும் செல்லும். எல்லையில் புதுப் பாலிசி வாங்க வேண்டாம். தான்சானியா கொமேசாவை விட்டாலும் இந்த அட்டையை விடவில்லை. அப்புறம் பாண்ட். டிரான்ஸிட் சரக்கு, அதாவது வேறு நாட்டுக்குக் கடந்துபோகும் சரக்கு, வழியில் இறங்கி உள்ளூர்ச் சந்தைக்குப் போய்விட்டால் வரி நட்டம் என்பதால் ஒவ்வொரு நாடும் தனித்தனியாக உத்தரவாதம் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் பிரீமியம், ஒவ்வொன்றையும் ரத்து செய்து பணத்தை விடுவிக்க அலைச்சல். அதை ஒரே பிராந்தியப் பாண்டாக மாற்றினார்கள். 2013-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் லாரி எடைக்கு ஒரே சட்டம் இயற்றியது, உச்சவரம்பு 56 டன். ஒரு நாட்டில் சரியான எடை அடுத்த நாட்டில் அபராத எடையாகும் கூத்து அதற்கப்புறம் குறையத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக 2014-இல் வந்த ஒற்றைச் சுங்கப் பகுதி முறை: உகாண்டா, ருவாண்டா சுங்க அதிகாரிகள் மொம்பாசாவிலேயே வந்து உட்கார்ந்து, சரக்கு கப்பலிலிருந்து இறங்கும் இடத்திலேயே தங்கள் நாட்டு வரியை வாங்கினார்கள். மொம்பாசா–கம்பாலா 18 நாளிலிருந்து 4 நாளாகக் குறைந்தது என்பது அவர்கள் அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் கணக்கு. அது எல்லாச் சரக்குக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மாற்றம் பெரியது என்பதில் அங்கே வேலை பார்த்த யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இப்போது நம் பக்கம். ஒரு நாடு மட்டும் வழிவிடும் நாடு, மற்றது மட்டும் கடந்துபோகும் நாடு என்று இங்கே பிரிக்க முடியாது. நேபாளமும் பூட்டானும் பங்களாதேஷோடு வியாபாரம் செய்ய இந்தியா வழியாகத்தான் போக வேண்டும். இந்தியா தன் வடகிழக்கு மாநிலங்களுக்குக் குறுக்கு வழியில் போக பங்களாதேஷ் வேண்டும்: கொல்கத்தாவிலிருந்து சிலிகுரி சுற்றித் திரிபுராவின் அகர்தலா போனால் சுமார் 1,600 கிலோமீட்டர், பங்களாதேஷ் வழியாகப் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. பேச்சு எளிதாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், நான்கு நாடுகளும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பூட்டானின் மேலவை அடுத்த வருடம் அதை நிராகரித்தது. வெளிநாட்டு லாரிகள் குவிந்தால் மலைச்சாலையும் சுற்றுச்சூழலும் தாங்குமா, உள்ளூர் லாரிக்காரர் பிழைப்பாரா என்பது அவர்கள் பயம். எங்களை விட்டுவிட்டு நீங்கள் மூவரும் தொடருங்கள் என்று 2017-இல் சொல்லிவிட்டார்கள். மற்ற மூன்று நாடுகளும் 2022 மார்ச்சில் டெல்லியில் கூடி ஒரு புரிந்துணர்வு வரைவை முடித்தன. சோதனை ஓட்டமாகச் சில லாரிகள் போய்வந்ததோடு சரி, வழக்கமான ஓட்டமாக அது மாறவே இல்லை.

கட்டணத்தை எப்படிப் பொதுவாக்குவது என்ற சிக்கலை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பங்களாதேஷின் ஆஷுகஞ்ச்–அகௌரா கதையைப் பார்க்க வேண்டும். கொல்கத்தாவிலிருந்து ஆற்று வழியாக ஆஷுகஞ்ச் வரை படகு, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் அகௌரா, தாண்டினால் அகர்தலா. 2016 ஜூனில் இந்த வழி முறைப்படி தொடங்கியபோது பங்களாதேஷ் வைத்த கட்டணம் டன்னுக்கு 192.22 டாகா (டாகா என்பது பங்களாதேஷ் நாணயம்). அதில் சுங்கத்துக்கு 130, சாலைத் துறைக்கு 52.22, உள்நாட்டு நீர்வழி ஆணையத்துக்கு 10. சாலைப் பங்கை மட்டும் தூரத்தால் வகுத்தால் டன்-கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 டாகா. ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்னால் அதே அரசு அமைத்த நிபுணர் குழு பரிந்துரைத்தது டன்னுக்கு 1,058 டாகா! ஐந்து மடங்குக்கும் மேல். டாக்கா பத்திரிகைகளில் பெரிய சண்டை. இந்தியா இவ்வளவு தூரம் மிச்சம் பிடிக்கிறது, அந்த மிச்சத்தில் நமக்குப் பங்கு வேண்டாமா என்று ஒரு பக்கம். வழிவிடுவதற்கு விலை கேட்க முடியாது, செலவை மட்டும்தான் வாங்க முடியும் என்று இன்னொரு பக்கம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். காட் (GATT) என்ற உலக வர்த்தகப் பொது ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவின்படி, கடந்துபோகும் சரக்குக்குச் சுங்க வரி கூடாது. வாங்கும் கட்டணம் போக்குவரத்துக்கோ, நிர்வாகச் செலவுக்கோ, செய்து தரும் சேவைக்கோ ஈடாக இருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தமும் 11-ஆம் பிரிவில் இதையே உறுதிப்படுத்துகிறது. இந்தியா, பங்களாதேஷ், நேபாளம் மூன்றும் இதற்குக் கட்டுப்பட்டவை, பூட்டான் மட்டும் இன்னும் உறுப்பினர் இல்லை. ஆக, சேமிப்பில் பங்கு கேட்கும் வாதம் அரசியலில் எடுபடலாம், சட்டத்தில் நிற்பது கஷ்டம்.

சந்தேகம் தொடங்குவது எதைச் செலவாகக் கணக்கில் எடுப்பது என்பதில். ஏற்கெனவே உள்ள சாலையின் தேய்மானம் மட்டுமா? டிரான்ஸிட்டுக்காகவே அகலப்படுத்தும் சாலையின் முதலீடுமா? அந்த முதலீடு இந்தியா கொடுத்த கடனில் வந்ததென்றால், அதன் வட்டியை இந்தியச் சரக்கிடமே வசூலிப்பது எப்படி? நெரிசலால் உள்ளூர்க்காரர் இழக்கும் நேரத்துக்கு விலை போடலாமா? இவற்றுக்கு எந்த ஒப்பந்தத்திலும் பதில் எழுதப்படவில்லை. இந்தக் கணக்கு முறையில் நாடுகள் ஒத்துப்போய்விட்டால் கட்டணம் ஒரு நாட்டில் 1 டாகாவாகவும் இன்னொரு நாட்டில் அதைவிட அதிகமாகவும் இருப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை; மலைச்சாலையும் சமவெளிச் சாலையும் ஒரே செலவு வைப்பதில்லையே. முறையில் ஒத்துப்போகாமல் எண்ணை மட்டும் ஒன்றாக்கினால் அடுத்த அரசியல் சண்டையில் அது 152-லிருந்து 500-க்குத் தாவும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாலைக் கட்டணத்தைக் கட்டிப்போட்டால் காசு வேறு பெயரில் வெளியே வரும். சிட்டகாங் துறைமுகம் வழியாக அகர்தலாவுக்கு 2020 ஜூலையில் நான்கு கண்டெய்னர்கள் சோதனையாகப் போயின. அதற்குச் சுங்கம் போட்ட பட்டியலில் ஆவணக் கட்டணம் 30 டாகா, டன்னுக்கு டிரான்ஷிப்மெண்ட் 20, பாதுகாப்பு 100, எஸ்கார்ட் 50, இதர நிர்வாகம் 100, கண்டெய்னர் ஸ்கேனிங் 254. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சில்லறைதான். ஆனால் பாதுகாப்புக்கு ஒன்று, எஸ்கார்ட்டுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு இன்னொன்று என்று மூன்று தலைப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. எலெக்ட்ரானிக் சீல் போட்ட பெட்டிக்குப் பின்னால் எஸ்கார்ட் வண்டி எதற்கு என்பது என் பழைய எரிச்சல், அதை விடுங்கள்.

நம் நாட்டுக்குள்ளேயே இதே சிக்கல் இருந்து தீர்ந்ததை நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2010 மே மாதத்துக்கு முன்பு நேஷனல் பர்மிட் என்றால் போகிற ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடம் 5,000 ரூபாய், ஒவ்வொன்றுக்கும் தனி டிடி. அதற்குப் பிறகு வருடம் 15,000 கட்டினால் நாடு முழுக்க ஓடலாம் என்றானது. பின்னர் அது 16,500. மாநிலங்கள் ஏன் சம்மதித்தன? ஒரு மத்திய அரசு இருந்தது, மொத்தமாக வசூலித்து ஒரு சூத்திரப்படி பங்கு பிரித்துக் கொடுத்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் பெரும்பாலான மாநிலங்களில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின. நாடுகளுக்கு நடுவே அப்படி வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பொதுப் பெட்டி கிடையாது. ஐரோப்பாவில் 1995-இல் ஐந்து நாடுகள் சேர்ந்து கனரக லாரிக்கு ஒரே வில்லை முறை (குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டு ஓடுவது) கொண்டுவந்தன, பணத்தைப் பங்கிட்டும் கொண்டன. அங்கேயும் ஜெர்மனி பிரிந்துபோய் 2005-இல் தனக்கென்று கிலோமீட்டர் கட்டணம் வைத்துக்கொண்டது. அதிகமாக லாரி ஓடும் நாட்டுக்குப் பங்குப் பெட்டி எப்போதுமே கொஞ்சம் கசக்கும்.

சரி, உங்கள் பில். மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு ஒரு கண்டெய்னர் வாடகை 2,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அதில் சாலைக் கட்டணம் 90 சொச்சம், அதாவது ஐந்து சதவீதத்துக்குள். அதைப் பாதியாக்கினாலும் வாடகையில் இரண்டு சதவீதம் குறையும், அவ்வளவுதான். பெட்ராபோலில் இந்திய லாரி பங்களாதேஷ் சாலையில் ஓடுவதே இல்லை. எல்லை தாண்டி பேனாபோல் யார்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், அங்கிருந்து அவர்கள் லாரி ஏற்றிக்கொள்ளும். ஆக, நீங்கள் கேட்ட ஒரே சாலைக் கட்டணம் நாளைக்கே வந்தாலும் உங்கள் நூல் லாரிக்கு அது பொருந்தியே இருக்காது. உலக வங்கி 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி அந்த எல்லையைக் கடக்க 138 மணி நேரம், அதில் இறக்கி ஏற்ற மட்டும் 28 மணி நேரம். இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது என்று அதே கணக்கு சொல்கிறது.

அந்த ஐந்தேமுக்கால் நாள்தான் உங்கள் பில்லில் ஹால்டிங், பார்க்கிங், இரண்டு பக்கக் கூலி, ரசீது இல்லாத மாமூல் என்று பிரிந்து பிரிந்து வந்திருக்கும். திரும்பும் லாரி பெரும்பாலும் காலியாக வருவதால் வாடகையில் இரண்டு வழிச் செலவும் சேர்ந்திருக்கும். பெட்ராபோலை ஒட்டிய போங்காவ் பக்கம் லாரிகள் வாரக்கணக்கில் நின்ற காலத்தில் மேற்கு வங்க அரசு ‘சுவிதா’ என்ற இணையப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. லாரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி முறை வாங்க வேண்டும். புதுக் கட்டணமா என்று ஏற்றுமதியாளர்கள் சத்தம் போட்டார்கள், நியாயமும்கூட. ஆனால் காத்திருப்பு குறைந்த லாரிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பட்டியலில் ஒரு கட்டணம் கூடியும் மொத்தச் செலவு குறைந்திருக்கும்.

மிச்சமாகும் காசு உங்கள் கைக்கு வருமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. ஆப்பிரிக்க லாரி வாடகை பற்றி உலக வங்கிப் பொருளாதார வல்லுநர்கள் 2009-இல் ஆராய்ந்தபோது, போட்டி உள்ள இடங்களில் செலவு குறைந்தால் வாடகையும் குறைகிறது, சங்கங்கள் வரிசை போட்டு லோடு பிரிக்கும் இடங்களில் லாரிக்காரர் லாபம்தான் கூடுகிறது என்று கண்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ரகம், மத்திய, மேற்கு ஆப்பிரிக்கா இரண்டாம் ரகம். நேபாளத்தில் போக்குவரத்து சிண்டிகேட் முறையை அரசு 2018-இல் ரத்து செய்ய வேண்டிவந்தது. நம் எல்லை ஊர்களின் லாரிச் சங்கங்களை நான் இரண்டாம் ரகத்துக்குப் பக்கத்தில்தான் வைப்பேன். அது என் அபிப்பிராயம், ஆய்வு முடிவு இல்லை.

இன்னொன்று, நூலுக்கு இப்போது இந்தக் கணக்கே மாறிவிட்டது. 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் நிலத் துறைமுகங்கள் வழியாக நூல் இறக்குமதியை நிறுத்தியது. அதே மாதம் இந்தியா, தன் வழியாகப் பங்களாதேஷ் சரக்கு மூன்றாம் நாட்டுக்குப் போக 2020-இல் கொடுத்த வசதியைத் திரும்பப் பெற்றது. ஒரே ஒரு அறிவிப்பில் வழி மூடும்போது அங்கே கட்டணம் என்ன என்பதே கேள்வி இல்லாமல் போகிறது. கடல் வழியாக அனுப்பும்போது உங்கள் பார்வர்டரிடம் விலைக் குறிப்பை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: அரசு ரசீது உள்ளவை, நாள் கணக்கில் ஏறுபவை, ஒரு தடவை ஏற்ற இறக்க ஆகுபவை. முதலாவதில் பேரம் பேச இடமில்லை. இரண்டாவதில்தான் எல்லாம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு மாறிச் சிட்டகாங் போகும் பெட்டி என்றால், சிட்டகாங்கில் எத்தனை நாள் ஃப்ரீ, அது எந்த நாளிலிருந்து எண்ணப்படும், துறைமுக வாடகையும் கப்பல் கம்பெனியின் டிடென்ஷனும் (பெட்டியைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) தனித்தனியா என்பதை புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.